புதன்கிழமைச் சைரன்

“சாமி கீதுன்னா அந்த சைரன் எதுக்கு? சைரன் கீதுன்னா உனுக்கு சாமி எதுக்கு? ரெண்டுத்துல ஒண்ண வுட்டுடு, காலேஜி.”

என் அம்மாவின் தம்பி ஒருநாள் எங்கள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இப்படிக் கேட்டார். மாமாவுக்கு ராயபுரம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் லாரி வரிசை நகராமல் நின்றுவிட்டால் இறங்கி நடந்து வந்து, எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். திரும்பிப் போகும்போதும் லாரி அதே இடத்தில்தான் நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மாமாவுக்கும் அதில் பெருமை உண்டு. அதனால்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் காலேஜி என்பார். ஆனால் அமிலமும் வாயுவும் படித்த பெண், புதன்கிழமை காலையில் முக்காடு போட்டுக்கொண்டு சகாய மாதா நவநாள் செபத்துக்கு ஏன் போகிறாள் என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. அன்று அதற்குப் பதில் அம்மாதான் சொன்னாள்.

“நீ முள்ளப் பாத்துத் துன்னு. தொண்டையில மாட்டிச்சுன்னா யாரக் கூப்புடுறன்னு நானும் பாக்குறேன்.”

எங்கள் வீடு எண்ணூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் நின்று வடக்கே பார்த்தால் நெட்டுக்குப்பம் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். காயப்போட்ட துணியை உதறாமல் மடித்தால் மடிப்புக்குள் சாம்பல் கோடு விழும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நிறங்களின் பெயர் தெரிவதற்கு முன்பே நெடிகள் தெரிந்துவிடும். அழுகின முட்டை நெடி அடித்தால் ஜன்னலை மூடினால் போதும். தார் நெடி ஒன்றும் செய்யாது. கண்ணைக் கரிக்கிற மூத்திர நெடி வந்தால் மட்டும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து, பேசாமல், வடக்கே பார்த்து நிற்பார்கள். அது எந்தத் தொழிற்சாலையின் மதிலுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் நைனா வேலை செய்வது அந்த மதிலுக்குப் பின்னால்தான்.

நைனா ஒப்பந்தக் கூலி. காலியாக்கப்பட்ட பெரிய இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி, சுவரில் படிந்த துருவையும் கசடையும் சுரண்டி எடுப்பது வேலை. தீப்பொறி ஆகாது என்பதால் சுரண்டுகிற தகடுகூடப் பித்தளைதான். செல்போன், தீப்பெட்டி, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கம்பியில் மணி கோத்த செபமாலைக்கும் அனுமதி இல்லை. அதனால் எங்கள் தெருப் பெண்கள் வலை பின்னுகிற நைலான் நூலில் முடிச்சுப் போட்டுச் செபமாலை கட்டித் தருவார்கள். மணிக்குப் பதில் முடிச்சு, சிலுவையும் முடிச்சுதான். தொட்டிக்குள் போகிற ஆண்கள் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார்கள். கசடு ஏறிக் கறுத்துப்போனால் அதைக் குப்பையில் போடக் கூடாது. எரித்துவிட்டுப் புதிது கட்டவேண்டும். அம்மா எரிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். அந்தப் புகையில் தொட்டியின் நெடி இருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் புதன்கிழமைதோறும் பத்து மணிக்குச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஊருக்கே அது பழகிவிட்டது. அதைக் கேட்டுத்தான் சிலர் உலையை இறக்குவார்கள், கைக்குழந்தைகள்கூடத் தூக்கத்தில் புரள்வதில்லை. ஒரே மட்டமாக ஊதினால் சோதனை, ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து என்பதெல்லாம் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களிடம் அதை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும், கடற்காற்றில் எந்தச் சத்தமும் ஏறி இறங்கித்தான் கேட்கும்.

நவநாளும் புதன்கிழமைதான். மாலையில் சாமியார் வந்து பூசை வைப்பார். காலையில் பெண்கள் மட்டும் கூடிச் செபிப்போம். தடுமாறாமல் வாசிப்பேன் என்பதால் மைக் முன்னால் நின்று நடத்துவது நான். சைரன் ஊத ஆரம்பித்ததும் எந்தச் செபத்தில் இருந்தாலும் அதை அங்கேயே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற நம் ஆட்களுக்காக என்று சொல்லி, ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வோம். முதல் பாதி நான், இரண்டாம் பாதி பெண்கள். “இப்பொழுதும், எங்கள் மரண வேளையிலும்” என்ற இடம் அவர்கள் பாதியில் வரும். மூன்று முறை சொல்லி முடிப்பதற்கும் சைரன் அடங்குவதற்கும் சரியாக இருக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து நவநாள் தொடரும். யார் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் சின்னப் பிள்ளையாக அம்மா மடியில் உட்கார்ந்திருந்தபோதே அது இருந்தது.

அது ஒரு ஜனவரி மாதம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தும் கோயிலின் மூலையில் கிறிஸ்துமஸ் குடிலை இன்னும் பிரிக்கவில்லை. வைக்கோல் மட்டும் ஈரத்தில் நைந்து நாறியது. வெளியே வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வடகிழக்கிலிருந்து, விடாமல், ஒரே வேகத்தில்.

சைரன் ஊதியது. வழக்கம்போல் நிறுத்தினேன். முதலாவது சொன்னோம். இரண்டாவது சொன்னோம். மூன்றாவதின் முடிவில் ஆமென் என்று சொல்லிவிட்டு, நவநாள் பக்கத்தைத் தேடுவதற்காகப் புத்தகத்தில் விரல் வைத்தேன். சைரன் நிற்கவில்லை.

ஓர் ஊத்து கூடுதலாகப் போவது உண்டு. அதனால் நான்காவதை ஆரம்பித்தேன். பெண்கள் பதில் சொன்னார்கள். ஐந்தாவது. என் குரல் மைக்கில் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. கோயில் வாசற்படியில் எப்போதும் படுத்திருக்கிற நாய் எழுந்து நின்று, மூக்கை ஒருமுறை தூக்கிவிட்டு, தெற்கே பார்த்து ஓடியது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் பயம் இல்லை. ஏனென்றால் அன்று புதன்கிழமை.

ஆறாவதின் நடுவில் நான் நிறுத்திவிட்டேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, கூடையில் மீன் விற்கிற அக்கா கண்ணைத் திறந்தார். “இன்னாம்மா நிறுத்திட்ட? சைரன்தான?”

“மூணு முடிஞ்சு போச்சுக்கா. இன்னும் ஊதிக்கினு கீது.”

நான் அதை மைக்கிலேயே சொல்லியிருந்தேன். வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முகமாக மாறுவதை அங்கிருந்தபடியே பார்த்தேன். படிக்காத பெண்கள், கடிகாரம் கட்டாத பெண்கள். ஆனால் மூன்று என்பது எவ்வளவு நீளம் என்று அவர்கள் எல்லோருடைய நாக்குக்கும் தெரியும்.

ஒருத்தி பாயைச் சுருட்டினாள். இன்னொருத்தி வீட்டுக்கு ஓடக் கிளம்பினாள். அம்மா எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

“எல்லாக் கதவையும் சாத்துங்கடி. மாதாகிட்ட இருந்தா ஒண்ணும் ஆவாது.”

அப்போதுதான் அந்த நெடி முதல் தடவையாக உள்ளே வந்தது. லேசாக, ஊசி மாதிரி. கோயிலின் வடக்கு ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடியே கிடையாது. காற்று தென்மேற்காகப் போகிறது. கோயிலும் எங்கள் வீடுகளும் அதன் வழியில் இருந்தன. கிழக்கே நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டால் அதன் பாதையிலிருந்து விலகிவிடலாம். இவ்வளவும் என் தலைக்குள் தெளிவாக இருந்தது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. குடிலைப் பார்த்தேன்.

“அம்மா, கொழந்தையக் கொல்ல ஏரோது வர்றான்னு தெரிஞ்சதும் சூசையப்பர் கதவச் சாத்திக்கினா உக்காந்தாரு? தாயையும் புள்ளையையும் இட்டுக்கினு கெளம்பினாரும்மா.”

“அவுருக்குக் கழுத இருந்திச்சு,” என்றார் மீன்கார அக்கா. “நம்ம குடில்ல இருக்கிற கழுதைக்குக் காதே ஒடஞ்சி கீது.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கால்கள் நகர ஆரம்பித்தன. அம்மா மட்டும் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“உங்க நைனா உள்ள கீறாரு.”

“தெரியும்மா.”

“அவுரு வந்து நம்மள இங்கதான் தேடுவாரு.”

“மூச்சோட இருந்தாத்தான் தேடினா கெடைப்போம். வா.”

குழாயடியில் முந்தானைகளை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தோம். வீட்டுப் பக்கம் திரும்பியவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தெற்கே திருவொற்றியூர்ப் பக்கம் தொலைவில் இருந்தது, அதற்காவது நன்றி சொன்னேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, “இன்னா மாதாம்மா, இன்னைக்கே தேர் இழுக்கிறீங்களா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“சைரன் நிக்கலண்ணா,” என்றேன்.

அவர் கையில் வடிகட்டியோடு அப்படியே நின்று கேட்டார். அதுவரை அது அவர் காதில் விழவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுப்பை அணைத்தார். கடையில் இருந்தவர்களும் எங்களோடு வந்தார்கள்.

அலை அரிக்காமல் இருக்கக் கடலோரம் பெரிய பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் போய் உட்கார்ந்தோம். கண் எரிந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது மதிலைத் தாண்டி வெள்ளையாக எதுவோ எழும்பாமல், தரையோடு தரையாக, மேற்கே எங்கள் தெருக்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புகை மாதிரி இல்லை. மேயப்போகிற மந்தை மாதிரி, அவசரமே இல்லாமல் போனது.

நைனாவுக்குப் போன் அடித்துப் பயன் இல்லை. அவருடைய போன் கேட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். மாமாவை அழைத்தேன். அவர் லாரியோடு சாலையில் நின்றுகொண்டிருந்தார். “நீ அசையாத. நான் கேட்டாண்ட போய்ப் பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

படித்தால் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது. அந்த வாயு ஈரத்தைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும். கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் என்ன செய்யும் என்று படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண்களுக்கு ‘கேஸ்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. எனக்கோ நைனாவின் உடம்புக்குள் ஒவ்வொன்றாக நடப்பது தெரிந்தது. ஒரு தொட்டிக்கு வாய் ஒன்றுதான். அதன் வழியாக ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் ஏறமுடியும்.

அம்மா தன் நூல் செபமாலையை எடுத்து என் கையில் வைத்தாள். “சொல்லு. நீதான் நடத்துவ.”

வாயைத் திறந்தேன். “அருள்” என்றேன். அடுத்த சொல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய செபம், அப்போது தொண்டைக்கு மேலே ஏறவில்லை. கடவுளே இல்லை என்று தோன்றியதால் அல்ல. எல்லாச் சொற்களும் ஒரே வாயில் நெருக்கியடித்து நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

மீன்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் என் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். அவருடைய பாதி அலைச் சத்தத்தில் கிழிந்து கிழிந்து கேட்டது. எனக்குப் பதில் யாரோ மூச்சு விடுவது போல் இருந்தது. நான் முடிச்சுகளை மட்டும் நகர்த்தினேன். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. “இப்பொழுதும், எங்கள் மரண வேளையிலும்.” அத்தனை வருடம் கேட்ட வரி. அன்றுதான் அது மரணத்தை மறைக்காத செபம் என்று எனக்கு உறைத்தது. வேளை வராது என்று அது சொல்லவில்லை. வரும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

பயம் போகவில்லை. ஆனால் எழுந்து அந்த வெள்ளைக்குள் ஓடாமல் உட்கார்ந்திருக்க முடிந்தது. என் ஒரு பக்கம் அம்மாவின் தோள் இருந்தது. இன்னொரு பக்கம் மீன் வாடையடிக்கிற ஈர முந்தானை. எனக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான். அதைவிடப் பெரிதாக எதுவும் நடந்ததாக நான் சொல்லமாட்டேன்.

சைரன் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமா போன் எடுக்கவில்லை. கேட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். ஆம்புலன்ஸ் இரண்டு போனதாக இன்னொருவர் சொன்னார். அதில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா அழவில்லை. முந்தானை காய்ந்துபோனதும் கடல் தண்ணீரில் நனைத்துக் கட்டிக்கொண்டாள்.

மாமா வந்தபோது கற்களின் மேல் தடுமாறி ஏறி வந்தார். அவர் தோளில் நைனாவின் கை இருந்தது. நைனாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது, கண்கள் மிளகாய்ப்பழம். வந்து உட்கார்ந்து, பேச முயன்று, இருமினார். அந்த இருமல் சத்தத்தை நான் பாடப்புத்தகத்தில் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் எனக்கு அது என்னவென்று தெரிந்தது.

“இவுரு சொன்னாருன்னு மொதல்ல கோயில்லதான் தேடினோம்,” என்றார் மாமா. “உள்ள நிக்க முடியல. யார் உங்கள இங்க இட்டாந்தது?”

மீன்கார அக்கா என்னைக் காட்டினார். “உன் காலேஜிதான். மூணு முடிஞ்சும் ஊதுதுன்னு இவதான் கண்டுபுடிச்சா.”

மாமா என்னைப் பார்த்தார். 

மாமா தவிர எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம். நைனாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள், நைனாவுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தபோது கேட்டேன்.

“உள்ள சைரன் கேட்டுச்சா நைனா?”

“இரும்புப் பானைக்குள்ள இன்னாமா கேக்கும்? தட்டுற சத்தம்தான். மேல நின்னவன் கயித்த இழுத்தான். அதால ஏறினோம். நான் கடைசி.”

“மாதாதான் இழுத்தா,” என்றாள் அம்மா.

“கயித்த இழுத்தவன் நெட்டுக்குப்பத்துக்காரன். கருமாரியம்மன் பக்தன்,” என்றார் மாமா.

“மாதா யாரு கைய வெச்சி வோணாலும் இழுப்பா.”

அவர்கள் சண்டையை விட்டுவிட்டு நான் அடுத்ததைக் கேட்டேன். “எறங்குறதுக்கு முன்னாடி தொட்டிக்குள்ள காத்த டெஸ்ட் பண்ணாங்களா?”

“அதுக்குன்னு ஒருத்தர் கீறாரு. வந்தா பண்ணுவாரு.”

“வரலன்னா?”

“வரலன்னா சிலுவ போட்டுக்கினு எறங்குவோம்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொள்கிற அந்தக் கையை நான் ஒருநாளும் கேலி செய்யமாட்டேன். கடற்கரையில் என் வாய் அடைத்துப்போனபோது என்னைத் தூக்கிப் பிடித்தது அந்த நம்பிக்கைதான். ஆனால் ஒருவர் வராததற்கு ஈடாக அதைப் பயன்படுத்துகிறார்கள். காற்றைச் சோதிக்க வேண்டியவர் டீ குடிக்கப் போனால், அவர் இடத்தில் கடவுளை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். சூசையப்பருக்குக் கனவில் செய்தி வந்தது உண்மைதான். எழுந்து கழுதையை அவிழ்த்தது அவர்.

பட்டம் வாங்கியதிலிருந்து அம்மா எனக்கு ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விம்கோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். நான் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கான படிப்பில் சேர்ந்தேன். முடித்ததும் அந்த மதிலுக்குள்ளேயே வேலை கேட்டேன். மாமாவுக்குத் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து கத்தினார்.

“ஒண்ண வுட்டுடுன்னு சொன்னா, ரெண்டையும் கட்டிக்கினு அழுவுறியே. அந்த எடம் உங்கப்பன் நெஞ்சத் துன்னது பத்தாதா?”

“அவுரு திரும்பவும் எறங்கத்தான் போறாரு மாமா. வேற வேல கெடைக்கல. எறங்குறப்ப மேல யாராச்சும் நிக்கணும்ல.”

 மறுநாள் என் தலையணைக்குப் பக்கத்தில் அம்மா புதிதாகக் கட்டிய நூல் செபமாலை இருந்தது. முடிச்சுகள் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தன.

இன்று வேலையில் என் முதல் புதன்கிழமை. கேட்டில் போனையும் கம்மலையும் கழற்றிக் கொடுத்தேன். தொட்டியின் வாயருகே ஆட்கள் காத்திருந்தார்கள். பொம்பளப் புள்ள காத்தப் பாக்க வந்துக்கீது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் நைனா நின்றிருந்தார். இருமலை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டிருந்தார், நான் கேட்கக் கூடாது என்று.

“எறங்கலாமா மேடம்?” என்றார். சிலுவை போடக் கை நெற்றிக்குப் போயிருந்தது.

“இருங்க நைனா.”

முழங்கால் போட்டுக் குனிந்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் இருந்த நூலை மேலே தள்ளிவிட்டு, கருவியின் குழாயை அந்த இருட்டுக்குள் இறக்கினேன்.